சிவப்பு விளிம்புத் தட்டில் தினை

என் வீட்டுச் சன்னல் மேடையில் ஒரு தகரத் தட்டு இருக்கிறது. நான்கு ஓரமும் மடக்கிய, ஆழமற்ற தட்டு. விளிம்பு முழுதும் ஒரு காலத்தில் சிவப்புச் சாயம் பூசப்பட்டிருந்தது. அதில் இன்று காலை நான் உடைத்து வைத்த தினை வில்லையின் துணுக்குகள் கிடக்கின்றன. வீட்டுக்கு வருவோர் அதை ஏதோ பழந்தகரம் என்று எண்ணுகிறார்கள். அந்தச் சாயத்தைத் தம் கையால் பூசியவர் எங்கள் பிரிவின் சோதனை அதிகாரி. அவர் அதைப் பூசியபோது அது பறவைகளுக்கான தட்டாகும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ஐதராபாத்தின் மௌலா அலியை ஒட்டிய தொழிற்கூடம் ஒன்றில் நாங்கள் இருவரும் முப்பது ஆண்டுகள் பணியாற்றினோம். உலோகத் தூளை அழுத்திச் சுட்டு, விரல்நுனி அளவு வில்லைகளாக ஆக்குவது எங்கள் வேலை. ஆக்குவோர் பக்கத்தில் நான் இருந்தேன். ஆய்வோர் பக்கத்தில் அவர் இருந்தார். ஒவ்வொரு வில்லையையும் உருப்பெருக்கியின் கீழ் உருட்டுவார். மயிரிழை வெடிப்பு, ஊசிமுனை அளவு சிதைவு, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "செல்லாது" என்பார். அந்த ஒரு சொல்லோடு வில்லை சிவப்பு விளிம்புத் தட்டுக்குப் போய்விடும். நான் சேர்ந்த முதல் மாதம் என் தட்டு ஒன்று முழுமையாகவே அப்படிப் போயிற்று. காரணம் கேட்டேன். ஒன்றை எடுத்து இரு விரலுக்கிடையே நசுக்கிக் காட்டினார். தூள் கொட்டியது. "உதிருதுன்னா அது வில்லை இல்ல வேய், மாவு" என்றார். நெல்லைச் சீமையின் அந்த 'வேய்' ஐதராபாத்தில் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் அவர் நாவில் தேயவே இல்லை.

ஓய்வுபெற்ற பின் ஒரே அடுக்ககத்தில் வீடு வாங்கினோம். அவருடையது முதல் மாடி, என்னுடையது தரைத்தளம். குடியேறிய இரண்டாம் ஆண்டு அவருடைய துணைவியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை நன்றாகவே முடிந்தது. எழுந்து அமர வேண்டும், காலைத் தரையில் ஊன்ற வேண்டும், நாள் தள்ளினால் பிறகு நடையே இல்லாமற் போகலாம் என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பினார். அம்மையாரோ சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். மகள் கோவையிலிருந்து வந்து பத்து நாள் கெஞ்சிவிட்டுப் போனாள். அவர் அசையவில்லை. வாய் ஓயாது பேசும் பெண்மணி. அந்த நாட்களில் அவர் தாமாகப் பேசியது ஒரே ஒரு வரிதான். "பழைய குவார்ட்டர்ஸ்ல கொய்யா மரம் இருந்துச்சு. இங்க ஒரு குருவி வந்து எட்டிப் பாக்குதா?"

அந்த வரியைச் சோதனை அதிகாரி பணி ஆணையாகவே எடுத்துக்கொண்டார்.

போவன்பள்ளிச் சந்தைக்குப் போய் உமி நீக்காத தினை, கம்பு, சாமை, வெள்ளைச் சோளம், தோலோடு கூடிய நிலக்கடலை என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். உப்பு ஒரு துளியும் சேரக்கூடாது என்று எங்கோ படித்துக் குறித்திருந்தார். வெறும் தானியத்தை இறைத்தால் காற்று அடித்துக்கொண்டு போகிறது, புறாக் கூட்டம் ஒரே வாயில் முடித்துவிடுகிறது; ஆகவே வில்லையாக்கித் தொங்கவிட வேண்டும் என்று முடிவு செய்தார். முதலில் வெல்லப்பாகில் பிடித்தார். எறும்பு வரிசை பால்கனியிலிருந்து பூசையறை வரை நீண்டது. தேங்காயெண்ணெயில் உறையவைத்தார்; சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கெல்லாம் உருகிக் கீழ்வீட்டுத் துணிமேல் சொட்டியது. கீழ்வீடு என்னுடையது. மூன்றாவதாகக் கோதுமை மாவுக் கஞ்சியைக் கொண்டு பிசைந்தார். பிசைந்ததை எஃகுக் குழாய்த் துண்டில் திணித்து, தம் மேசையிலிருந்த வைஸ் என்னும் இடுக்கிப்பொறியில் வைத்து, கைப்பிடியைத் தம் முழு எடையும் கொடுத்துத் திருகினார். நிழலில் இரண்டு நாள் உலர்த்தினார்.

வெளிவந்தவை பேரழகு வாய்ந்த வில்லைகள். எங்கள் தொழிற்கூடத்தின் மிகச் சிறந்த நாளிலும் அப்படி ஒன்று வந்ததில்லை என்று நானே சொன்னேன். வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டம் அளந்தார். மேசை உயரத்திலிருந்து கீழே போட்டார். தரையில் ஓர் ஓசை கேட்டது, வில்லையில் ஒரு கீறலும் இல்லை. ஓரம் சிதைந்தவை, கஞ்சி குறைந்து விரிசல் விட்டவை, இவற்றை மட்டும் எடுத்து, புதிதாக வாங்கிச் சிவப்புப் பூசிய இந்தத் தட்டில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் வைத்தார். யாரும் கேட்காமலே அவர் கை அதைச் செய்தது. நானும் அது முறைதான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லவற்றைப் பால்கனியில் தொங்கவிட்டுப் பத்து நாள் கழிந்தது. ஒரு சிட்டுக்குருவி வந்து கொத்திப் பார்த்தது. அலகு வழுக்கியது, போய்விட்டது. ஒரு காகம் தொங்கிய வில்லையை இரண்டு முறை புரட்டிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் தக்காணி உருதுவில் நேராகவே கேட்டுவிட்டார். "கைக்கு சாப்? யே தோ பத்தர் ஹை. சிடியா கோ தாந்த் ஹை க்யா?" ஏன் இந்தப் பாடு, இது கல்லல்லவா, குருவிக்குப் பல்லா இருக்கிறது என்று அதற்குப் பொருள். மருத்துவர் மறுபரிசோதனைக்குக் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை அதிகாரி படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "எத்தனையோ சரி பண்ணியிருக்கேன் வேய். அவள எப்படி நிமித்துறதுன்னு மட்டும் தெரியல."

மறுநாள் காலை நான் நாளிதழோடு மேலே போயிருந்தேன். வேலைக்கார அம்மாள் குளிர்பதனப் பெட்டியைத் துடைப்பதற்காகச் சிவப்புத் தட்டை எடுத்து, இடமில்லாமல், படுக்கையறைச் சன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சிறிது நேரத்தில் தெருவோர வேப்பங்கிளையிலிருந்து ஏதோ இறங்கிற்று. சில்லைக் குருவிகள். என் கட்டைவிரலைவிடச் சற்றே பெரியவை. மார்பில் மீன்செதில் போலப் பழுப்புக் கோலம். ஒன்று, மூன்று, பின் ஏழு. இருப்புப்பாதை ஓரப் புல்வெளியில் அவற்றைத் தொலைவிலிருந்து கண்டிருக்கிறேன். கை எட்டும் தொலைவில் அன்றுதான் கண்டேன். செல்லாது என்று கழிக்கப்பட்ட உதிரி வில்லைகளின் நடுவில் நின்று, மழைச்சாரல் போன்ற மெல்லொலியோடு அவை தினையை உரிக்கத் தொடங்கின.

நாங்கள் இருவரும் கதவருகில் உறைந்து நின்றோம். சுவர்ப்பக்கம் இருந்த தலை மெல்லத் திரும்பியது.

"என்னங்க, நீங்க கழிச்சுப் போட்டதத்தான் அதுக திங்குது."

"சத்தம் போடாத, பறந்துரும்."

"நான் எங்க சத்தம் போட்டேன்? நீங்கதான் ரயில் இஞ்சின் கணக்கா மூச்சு விடுதீங்க." மீண்டும் சொன்னார்: "முப்பது வருசமா எத்தனை தட்டத் தள்ளியிருப்பீங்க. அதுககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

அம்மையார் முழங்கையை ஊன்றிக் கழுத்தை நீட்டினார். "இன்னொரு தலகாணி வைங்க. சரியாத் தெரியல."

அந்தத் தலையணையை எடுத்து வைத்த கைகளை நான் பார்த்தேன். மயிரிழை வெடிப்பையும் தவறவிடாத கைகள். உறையின் நாடாவை மும்முறை தவறவிட்டன.

பறவைகள் போன பிறகு அவர் தம் உருப்பெருக்கியைக் கொண்டுவந்தார். தட்டில் கிடந்த உமிகளை வெள்ளைத் தாளில் கொட்டி ஒவ்வொன்றாக உருட்டினார். நெடுநேரம் ஆயிற்று. பிறகு என்னை அழைத்துக் கண்ணை வைக்கச் சொன்னார். ஒவ்வொரு தினையின் உமியும் அதன் இயல்பான பொருத்துவாய் வழியே இரு பாதியாகத் திறந்திருந்தது. பாதிகளில் சிதைவில்லை, உள்ளே பருப்பின் துகள் ஒட்டியிருக்கவில்லை. இதைச் செய்தது கையோ கருவியோ இல்லாத, ஓர் உளுந்தின் அளவே உள்ள வாய். அதுவும் இமைப்பொழுதில், அக்கம்பக்கம் அச்சத்தோடு நோக்கியபடியே. அப்படிச் செய்ய வல்ல பொறி ஒன்றை நான் கண்டதில்லை. தாளில் கிடந்த உமிகளில் கழிப்பதற்கு ஒன்றேனும் உண்டா என்று கேட்டேன். "ஒண்ணுகூட இல்ல வேய்" என்றார். கோயிற் கருவறை முன் நிற்கும்போது மனிதருக்கு வரும் குரல் அது.

அன்றே வைஸ் பரண் ஏறியது. அதன்பின் அவர் கஞ்சியை இளக்கிக் கட்டைவிரலால் மட்டும் அழுத்திப் பிடித்தார். தொட்டால் உதிர்கிறதா என்று சோதித்தார்; உதிராதவற்றைப் பிசைந்து மறுபடி பிடித்தார். நான்காம் நாள், பால்கனித் தரையில் சிந்தியதைச் சில்லைகள் கொத்துவது கட்டிலிலிருந்து தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே அம்மையார் காலைத் தரையில் வைத்தார். மழை தொடங்கிய மாதத்தில் ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு சன்னல் வரை நடந்தார். வழியெல்லாம் கணவருக்கு வசவு.

சோதனை அதிகாரி மறைந்து ஓராண்டு ஆகிறது. அம்மையார் கோவையில் மகளோடு இருக்கிறார். படியேறுகிறார் என்று கேள்வி. புறப்படும்போது இந்தத் தட்டையும் கணவரின் உருப்பெருக்கியையும் என்னிடம் தந்தார். இப்போது நான் வில்லை பிடிக்கிறேன். ஆக்குவோர் பக்கத்தில் இருந்த பழக்கம், கை தானாகவே இறுக்கிவிடுகிறது. ஞாயிறுதோறும் அம்மையார் தொலைபேசியில் அழைக்கிறார். எழுபதைக் கடந்த என்னைத் தம்பி என்பவர் அவர் ஒருவரே.

"தம்பி, உதிருதா?"

"உதிருதும்மா."

"அப்பச் சரி. அவுக இருந்தா பாத்துட்டுத்தான் விடுவாக."

இன்று காலை ஐந்து சில்லைகள் வந்தன. இப்போதெல்லாம் அவை உள்ளே இறங்குவதில்லை. விளிம்பைப் பற்றிக்கொண்டு குனிந்து உண்கின்றன. போன பிறகு உமிகளைத் தாளில் கொட்டி அதிகாரியின் உருப்பெருக்கியால் பார்த்தேன். இரு பாதிகள், ஒவ்வொன்றும் முழுமை. தட்டைத் துடைத்து மேடையில் வைக்கும்போதுதான் கவனித்தேன். நகங்கள் பற்றிப் பற்றி விளிம்பின் சாயம் ஏறத்தாழ உரிந்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் விரலகலத்துக்குச் சிவப்பு எஞ்சியிருக்கிறது. அலமாரியில் ஒரு சிறு டப்பி சிவப்புச் சாயம் உண்டு. அதை நான் திறக்கப்போவதில்லை.