சிவப்புக்குப் போன முள்

என் முதல் கேசட் ரெக்கார்டரில் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள் இருந்தது. பேசினால் எழும்பும், நிறுத்தினால் படுத்துக்கொள்ளும். அது ஓடும் வழியின் கடைசிப் பகுதிக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். எழுபதுகளில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் நான் உத்தியோகம் பார்த்தேன். ஆங்கிலம் படித்தவன்தான். ஆனாலும் ரெக்கார்டரோடு வந்த விளக்கப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்த ஓர் அம்மாவுக்கு, இரு நாட்டு ஒப்பந்தப்படி நிரந்தரமாக இந்தியா போகும் நாள் வந்துவிட்டது. மகள் இங்கேயே பிரஜாவுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் போக முடியாது. மாசமாக இருந்தாள்.

"அம்மா தாலாட்டப் புடிச்சுக் குடுங்கய்யா. பொறக்கப்போற புள்ளைக்கு அவங்க கொரலாச்சும் இருக்கட்டும்" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

அவர்கள் குடியிருந்த லயத்து அறையில் அம்மாவின் வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்துப் பேசச் சொன்னேன். முள் பாதிவரைதான் எழும்பியது. நானோ தினமும் கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்ப்பவன். அதில் முள் கூடப் போனால்தான் எல்லோருக்கும் சந்தோஷம். சத்தம் கூட்டும் குமிழை முழுவதும் திருப்பினேன். முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஆத்தாடி, எங்கொரலு இம்புட்டு எடையா! கூடை எடைன்னு கழிச்சிராதீங்க" என்று சிரித்துவிட்டு அம்மா பாடினாள்.

பேட்டரி தீர்ந்துவிடுமென்று அப்போது போட்டுக் கேட்கவில்லை. அவள் ரயிலேறிப் போன பிறகு, புது பேட்டரி போட்டுத்தான் கேட்டேன். தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இரைச்சல். அதிலும் குரல் கீச்சென்று ஓடியது. மகளிடம் "கேசட் மோசம்" என்றேன். தப்பு என்னுடையதென்று அப்போதே எனக்குத் தெரியும்.

அவளைக் கூட்டிக்கொண்டு பதுளையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம். அண்ணன் முறைக்கு எல்லோரும் நானா என்போம்.

"என்னப் போல காது உள்ளவன் இந்த ஊர்ல இன்னொருத்தன் இருந்தான். அவனும் மௌத்தாகிட்டான்" என்று சொல்லிக்கொண்டேதான் கேசட்டைப் போட்டார். கேட்டதும் முகம் மாறியது.

"முள்ளு செவப்பத் தொட்டுட்டுத் திரும்பினாப் பரவாயில்ல ஐயா. அங்கேயே குடியிருந்தா சத்தத்துட தலை போயிரும். போன தலைய நான் ஒட்ட ஏலாது."

ஆனாலும் அவர் கடைசிவரை ஓடவிட்டார். பாட்டு முடிந்ததும், மெஷின் நின்றுவிட்டதென்று நினைத்து அம்மா எழுந்து தள்ளிப்போய் ஏதோ பேசியிருக்கிறாள். அந்த இடம் கிழியவில்லை. கீச்சொலி மட்டும்தான்.

"பேட்டரி செத்து ஐயாட மெஷின் மெதுவா ஓடியிருக்கு. இப்ப என்ட மெஷினும் அதே நடை நடக்கணும்."

மெஷினின் முதுகைக் கழற்றி, மோட்டாரில் இருந்த சிறு துளைக்குள் மெல்லிய திருப்புளியை விட்டார். "மகள், அம்மாட கொரல் வந்ததும் கையத் தூக்குங்க."

"இது சின்னப் புள்ள... இது எங்க சித்தி... இன்னுங் கொஞ்சம்... ஐயோ நானா, இது எங்கப்பா! திருப்புங்க, திருப்புங்க!"

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை திருப்பினார். அவள் கை மேலே போனது.

"ஏன்டி மூக்க உறிஞ்சுற? அடுப்புல ரொட்டி கருகுது பாரு!"

அம்மாவேதான். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

நானா அதை இன்னொரு மெஷினில் புதுக் கேசட்டுக்கு ஏற்றினார். கண் முள்ளில், விரல் குமிழில். அம்மா அதட்டும் இடம் வருமுன்பே விரல் தணிந்தது. முள் ஒருமுறைகூடச் சிவப்பில் தங்கவில்லை. அப்படியொரு கவனத்தை அதற்குப் பின் நான் யாரிடமும் பார்த்ததில்லை.

"அப்ப கேசட்டுதான் மோசமா நானா?" என்று அவள் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கடைவீதியைப் பார்த்தேன். அந்தக் கேசட்டை எனக்கு விற்றவரே அவர்தான்.

"ஆமா மகள். சிலது அப்படி அமைஞ்சிருது."

"நல்லதாப் பாத்து விக்கக் கூடாதா? எங்கம்மா பாட்டே போச்சே."

"பிழைதான் மகள்" என்றார் நானா.