நாலரை அங்குலச் சிரிப்பு

இரண்டாவது உலக யுத்த காலத்தில் நான் எழுதியவற்றுள் ஆகச் சிறந்தவை என்று நண்பர்கள் புகழ்பவை எல்லாம், சட்டைக்கு அளவெடுப்பதுபோல அளவெடுத்து எழுதப்பட்டவை. மூன்றே கால் அங்குலம், ஐந்து அங்குலம், ஒருமுறை முக்கால் பத்தி. இதை வெட்கத்தோடு சொல்கிறேன் என்றால் பாதி பொய். எழுதிய காலத்தில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. அடிமட்டத்தை நீட்டினால் அந்த அளவுக்கு ஒரு வரி கூடாமல் குறையாமல் சிரிப்புக் காட்டக்கூடிய ஆள் குடாநாட்டில் நான் ஒருவன்தான் என்று நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் சக வாத்திமாரிடம் சொல்லியும் திரிந்தேன்.

அப்போது நான் கொக்குவிலில் இங்கிலீசு படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் சைக்கிளில் பட்டினத்துக்குப் போய் ஒரு வாரப் பத்திரிகைக்கு உதவி செய்வேன். உதவி என்பது அச்சுப் பிழை திருத்துவதும் பத்திராதிபரின் வெற்றிலையைக் காலி செய்வதும். யுத்தம் வந்ததும் கூடவே சட்டமும் வந்தது. அச்சேறுமுன் ஒவ்வொரு பக்கத்தின் படியும் தணிக்கை அலுவலகத்துக்குப் போகவேண்டும். அங்கே இருந்தவர் வெள்ளைக்காரர் அல்லர், எங்கள் ஆள்தான். தேவாரத்தைப் பண்ணோடு பாடக்கூடியவர். சிவப்புப் பென்சில் அவர் கையில் இருந்தது.

முதலில், வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டே பத்திரிகை வந்தது. அதைப்போல விற்பனை அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் ஊர் வாசிகசாலைகளில் பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். வெள்ளை இடம் வந்ததும் வாசிப்பவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இஞ்சை வெட்டிப்போட்டாங்கள்" என்பார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அந்த வெள்ளை இடத்தைத்தான் எல்லாரும் வாசிப்பார்கள். அச்சடித்ததைவிட அதில் செய்தி அதிகம்.

இது மேலிடத்துக்கு எட்டியது. அடுத்த உத்தரவு வந்தது: வெட்டிய இடம் வெறுமையாக இருக்கக்கூடாது, வெட்டப்பட்டது என்பதை எவருக்கும் சொல்லவும் கூடாது. வாயைப் பொத்துவது எல்லா அரசாங்கங்களும் செய்கிற பழைய வேலை. பொத்திய வாய்மேல் சிரிப்பு வரையச் சொன்னதுதான் புதிது. அந்தச் சிரிப்பை வரைய ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக நான் பக்கத்திலேயே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர், மூண்டாம் பக்கத்திலை நாலரை அங்குலம். ஆறு மணிக்குள்ளை வேணும்" என்றார் பத்திராதிபர்.

"என்னத்தைப் பற்றி?"

"ஒண்டையும் பற்றி இல்லாமல்."

என் குடை, என் சைக்கிள், என் மனைவியின் தமையனார், மானிப்பாய் பஸ்ஸில் நான் தொலைத்த ஒரு செருப்பு. எல்லாவற்றையும் பற்றி எழுதினேன். என் பெயர் போடுவதில்லை. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரிப்பு வந்திராது என்று இப்போது சமாதானம் சொல்லலாம். உண்மை என்னவென்றால், எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த நாலரை அங்குலத்தில் இருந்தது ஒரு கமக்காரரின் கடிதம்.

அவருடைய ஊர் வலிகாமத்தின் வடக்கே. விமானத்தளம் போடுவதற்கென்று அவருடைய தோட்டத்தையும் அயலில் இருந்த தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. பத்து நாளில் வெளியேறு என்று இங்கிலீசில் ஒரு கடதாசி. தோட்டம் முழுக்கப் புகையிலை நின்றது. குருத்து முறித்தாகிவிட்டது, இலை முற்ற இன்னும் மூன்று கிழமை வேண்டும். காணியை விடமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னரின் யுத்தத்துக்கு எதிராகவும் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டி எடுக்கும்வரை மூன்று கிழமை தவணை தாருங்கள் என்பதுதான் கேள்வி. அரசாங்கக் கந்தோருக்குக் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை. பத்திரிகையில் வந்தால் பெரிய துரை பார்ப்பார் என்று எவரோ சொல்ல, நாலாம் நாள் அச்சகத்துக்கு வந்தார். எழுத வாசிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லப் பத்திராதிபரே எழுதினார். எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு போனார்.

சிவப்புப் பென்சில் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை அடித்தது. "ஒரு கமக்காரனின் விண்ணப்பம்" என்ற தலைப்பை மட்டும் அடிக்கவில்லை. அடிக்காததை எடுக்க அச்சுக்கோப்பவருக்கு உத்தரவில்லை. எனவே தலைப்பு நின்றது. அதன் கீழே நாலரை அங்குலத்துக்கு நான் வந்தேன்.

அந்தக் கிழமை நான் எழுதியது, குண்டுக்குப் பயந்து என் கத்தரித் தோட்டத்தை நானே கிண்டிப் பதுங்குகுழி வெட்டிய கதை. "நான் ஒரு முழு மூடன்" என்று தொடங்கும். எனக்குத்தான் தலைப்பு தெரியாதே.

சனிக்கிழமை பின்னேரம் அந்த ஊர் வாசிகசாலையில் இருபது முப்பது பேர். ஊர்த் தலைமைக்காரரான விதானையாரும் வந்திருந்தார். பென்சன் எடுத்த கிளாக்கர் ஒருவர் வாசிப்பவர். "எங்கடை ஆளின்ரை விண்ணப்பம் வந்திருக்கு, எல்லாரும் கேளுங்கோ" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைப்பை வாசித்து, என்னை வாசித்திருக்கிறார்.

திங்கட்கிழமை அந்த மனிதர் பத்திரிகையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன்.

"ஐயா, நான் சொன்னது எங்கை?"

பத்திராதிபர் வாய் திறந்தார். வெட்டிவிட்டார்கள் என்று சொன்னால் மறியல், கம்பி எண்ணவேண்டும். அவர் துணிச்சலற்றவர் அல்லர். ஆனால் அச்சகத்தை நம்பி எட்டுக் குடும்பங்கள் இருந்தன.

"இடம் போதாமல் போச்சு, அண்ணை."

"இடம் இல்லையெண்டால் உந்தக் கதைக்கு எங்காலை இடம் வந்தது?"

அச்சு யந்திரம் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

"வாசிகசாலையிலை, இது நான் சொன்னதில்லை எண்டு கத்தினன். கத்தக் கத்தச் சிரிக்கிறாங்கள், ஐயா. சிரிப்பு ஒருநாளிலை முடிஞ்சுபோம். விதானையாரிட்டைப் போய், துரையிட்டை ஒரு சொல் சொல்லுங்கோ எண்டு கேட்டன். 'தோட்டத்தை நானே கிண்டிப்போட்டன் எண்டு பேப்பரிலை நீரே எழுதியிருக்கிறீர், பிறகென்ன தவணை?' எண்டு கேக்கிறார். உதை எழுதினது ஆர்?"

பத்திராதிபர் முகட்டைப் பார்த்தார். நான் மேசையில் கிடந்த ஓர் எழுத்துப் பிழையை மிகுந்த அக்கறையோடு திருத்தினேன். அது பிழையல்ல என்று பிறகுதான் கண்டேன்.

அவர் போனபின் பத்திராதிபர் முழுவதையும் சொன்னார். நேரே தணிக்கை அலுவலகத்துக்குச் சைக்கிளை விட்டேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக மிதித்ததில்லை. அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார்.

"வாருங்கோ மாஸ்டர். உந்தக் கத்தரித் தோட்டம் உங்கடை கைதானே? வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சனான்."

"அந்தக் கடிதத்தை ஏன் வெட்டினியள்?"

"எந்தக் கடிதம்?" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "விமானத்தளம் எங்கை வருகுதெண்டு எதிரிக்குத் தெரியக்கூடாதெல்லோ" என்றார்.

எதிரிக்கு! அந்த இடத்தில் பஸ்ஸை நிற்பாட்டி, "ஏறோப்பிளேன் வெளி ஆக்கள் இறங்குங்கோ!" என்று கொண்டக்டர் நாளுக்கு ஆறுமுறை கத்துகிறான். சந்தையில் கத்தரிக்காய் விற்கிற கிழவிக்கு எத்தனை லொறி கல்லு இறங்கியது என்று தெரியும். தெரியக்கூடாதது தளம் இருக்கிற இடம் அல்ல. ஒரு மனிதன் மூன்று கிழமை கேட்டான், அவனுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதுதான் தெரியக்கூடாது. யப்பான்காரனிடமிருந்து அல்ல, அடுத்த ஊர்க்காரனிடமிருந்து அதை மறைத்தார்கள். மறைக்க என்னைப் பாவித்தார்கள். இதையெல்லாம் அதிகாரியிடம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொன்னது, "நீங்கள் செய்தது சரியில்லை" என்ற மூன்று சொல் மட்டும். அதையும் கதவடியில் வைத்துச் சொன்னேன்.

பத்தாம் நாள் தோட்டத்துக்கு உருளை யந்திரம் வந்தது. பத்து நாள் என்றால் அரசாங்கத்துக்குப் பத்து நாள்தான். அரிசி தருவதிலும் மனுவுக்குப் பதில் தருவதிலும் இல்லாத ஒழுங்கு இதில் இருந்தது. முற்றாத இலையைப் பிடுங்க நேரம் போதவில்லை. பிடுங்கினாலும் எவரும் வாங்கார். நின்ற நிலையில் சாய்த்து உருட்டினார்கள். பச்சைப் புகையிலை நசிந்த காரம் பாதையெல்லாம் கிடந்ததாகவும், உருட்டிய ஆட்களே தும்மிக்கொண்டு நின்றதாகவும் கேள்விப்பட்டேன். எங்கள் பத்திரிகையில் அந்தக் கிழமை அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐந்தே கால் அங்குலத்துக்கு எழுதித் தரச் சொல்லிப் பத்திராதிபர் ஆள் அனுப்பினார். இனி எழுதமாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அவரைத் தேடிப் போனேன். சண்டிலிப்பாயில் மனைவியின் சகோதரர் வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு, பிறத்தியாருடைய மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார். எழுதியது நான்தான் என்று சொன்னேன். கடிதத்தை வெட்டினார்கள் என்று, சொல்லக்கூடாததையும் சொன்னேன். சொல்லும்போது மறியலுக்குப் போகத் தயாரான ஆள்போல நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைக்கவில்லை. கடைசியாக, "அந்தக் கிழமையோடை எழுதுறதை விட்டிட்டன், அண்ணை. இனி உந்த இடத்துக்கு நான் ஒரு வரியும் எழுதன்" என்றேன்.

அவர் குனிந்து வாய்க்காலை மறித்து, தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினார்.

"நீங்கள் விட்டாப்போலை அவங்கள் இடத்தைச் சும்மா விடுவாங்களோ, தம்பி? ஆரும் ஒராள் எழுதுவான். உங்களிலும் பார்க்க நல்லாய் எழுதினாலும் எழுதுவான்."