எழுபது கடந்தோர் பட்டியல்

ஒஸ்வல்டுக்கு எழுபத்துமூன்று வயது. அவராக மறந்தாலும் மாத்தளை டவுனில் யாரும் மறக்க விடுவதில்லை. கிளினிக்கில் நர்ஸ், "எழுபது தாண்டினவங்க எல்லாம் இந்த லைன்ல வாங்க" என்று கையைப் பிடித்து நிறுத்துவாள். பஸ்ஸில் கொண்டக்டர், "எழுபது வயசு மனுசன் நிக்கிறாரு, எழும்புங்க தம்பி" என்று சத்தம் போடுவான். எழும்புகிறவனின் முகத்தைப் பார்த்தால் ஒஸ்வல்டுக்கு உட்காரவே மனம் வராது. கட்டாரிலிருந்து மகன் கோல் எடுத்தால், "எழுபது தாண்டிட்டீங்க பப்பா, எங்கயும் அலையாம பேசாம வீட்ட இருங்க" என்பான்.

பேசாமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம். மனைவி பிலோமினா போய் நாலு வருசம். பஸீர் பேக்கரியில் "ஒரு ராத்தல் பாண்" என்று கேட்டதோடு ஒரு நாளின் பேச்சு முடிந்துபோவதும் உண்டு.

சனிக்கிழமை மட்டும் அந்த வீட்டில் குரல் கேட்கும். பங்குக் கோயிலில் ஞாயிறு ஏழரை மணிப் பூசைக்கு வேத வாசகம் வாசிப்பவர் ஒஸ்வல்ட்தான், பதினெட்டு வருசமாக. முதல்நாளே அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, வேதாகமத்தை விரித்துச் சத்தமாக நாலு தரம் வாசித்துப் பார்ப்பார். புதிதாகக் குடிவந்திருந்த பக்கத்து வீட்டு மஸீஹா ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யாரண்ணே வந்திருக்கிறாங்க? தேத்தண்ணி ஊத்தி அனுப்பட்டா?" என்று கேட்டாள்.

"யாருமில்ல தங்கச்சி. நான்தான்."

அந்தக் குரல் தோட்டத்தில் பழகிய குரல். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருசம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். விடிய ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு வந்த சனத்தைப் பேர் பேராகக் கூப்பிட வேண்டும். பெரட்டில் பேர் வாசிக்கிறவன் நடுவில் நிறுத்தக்கூடாது. கொஞ்சம் நிறுத்தினாலும், "ஐயா, எனக்கு இன்னைக்கு அந்த மலை வேணாம்" என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். தாளைத் திருப்பும்போதுகூட மூச்சு விடாமல் அடுத்த பேருக்குப் போய்விடுவார் ஒஸ்வல்ட்.

போன ஒக்டோபரில் பங்குச் சபைக் கூட்டம் நடந்தது. செயலாளர் ஷிரானி பேங்கில் வேலை செய்பவள். நாற்பது வயது, நல்ல மனசு, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும் அவளுக்கு.

"ஃபாதர், எழுபது கடந்த மூத்தோர்தான் நம்ம பங்கோட சொத்து. நவம்பர் கடைசி ஞாயிறு அவங்களுக்கு மாலை போட்டு ஒரு சாப்பாடு குடுப்பம். வாசகத்த இனி ரொமேஷ் மாதிரி இளம் ஆக்கள் பாத்துக்கட்டும். அங்கிள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

ஒஸ்வல்ட் அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "சொத்துன்னா பெட்டியில வச்சுப் பூட்டணுமா பிள்ள?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஷிரானியும் சிரித்தாள். ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்த ஃபாதர், "நவம்பர்ல அவரே வாசிக்கட்டும். ஒரு பிசகும் வராட்டி அதுக்குப் பொறகும் அவரே வாசிக்கட்டும்" என்று முடித்துவைத்தார்.

முதல் இரண்டு ஞாயிறும் ஒரு சொல் தவறவில்லை.

நவம்பர் இறந்தவர்களுக்கான மாதம். வீட்டுக்கு வீடு தங்கள் மரித்தோரின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். மூன்றாம் ஞாயிறு மன்றாட்டு நேரத்தில் அவற்றை வாசிப்பது வழக்கம். அன்று பூசைக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போதுதான் ஷிரானி தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். தாள் மிச்சம் பிடிக்க இரண்டு பக்கமும் அடித்திருந்தாள். முன்பக்கத்தில் இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர். பின்பக்கத்தில், பூசை முடிவில் அறிவிக்க வேண்டிய எழுபது கடந்தோர் ஒன்பது பேர்.

வாசகம் நன்றாகப் போனது. மன்றாட்டில் பெயர்களைத் தொடங்கினார். பிலோமினாவின் பெயர் பதினேழாவது. அங்கேயும் குரலை இறக்காமல் வாசித்தார். நாற்பத்தொன்று முடிந்தது. கை தானாகத் தாளைத் திருப்பியது. மூச்சு விடாமல் அடுத்த பெயருக்குப் போனார். ஒன்பதையும் வாசித்து முடித்து, "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று இறந்தோருக்கான மன்றாட்டை முடித்தார்.

"முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக" என்று கோயில் முழுவதும் பழக்க தோசத்தில் பதில் சொன்னது.

இரண்டாம் வரிசை வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மரிய கொறற்றி, வயது எழுபத்தாறு, பட்டியலில் இரண்டாவது பெயர்.

"ஏய் ஒஸ்வல்ட்! நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அதுக்குள்ள அனுப்பிட்டியா?"

சிரிப்பு வெடித்தது. ஃபாதர் முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டார். ஒஸ்வல்ட் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தலைப்பு தடித்த எழுத்தில் கிடந்தது. அதன் கீழே நாலாவது பெயர் அவருடையது.

"மன்னிச்சுக்கங்க" என்றார் ஒலிவாங்கியில். "இவங்க எழுபது கடந்தோர். எல்லாரும் உயிரோடதான் இருக்கிறாங்க."

மறுபடியும் சிரிப்பு. கோபப்பட ஒருவரும் இல்லை. பூசை முடிந்ததும் வாசலில் கிழடுகள் ஒன்றையொன்று, "செத்தது எப்பிடி இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டன. மரிய கொறற்றி அவர் முதுகில் ஒன்று வைத்து, "மோட்சத்துக்கு என்னைய முன்னுக்கு அனுப்பி எடம் பிடிக்கப் பாக்குற" என்றாள். மகள் வந்து அவளைக் கையைப் பிடித்து த்ரீவீலில் ஏற்றினாள்.

புத்தகத்தை வைக்க ஒஸ்வல்ட் பீடத்துக்குப் பின்னாலிருந்த சக்றீஸ்து அறைக்குப் போனபோது ஷிரானி ஓடி வந்தாள். முகம் வாடியிருந்தது. "ஐயோ அங்கிள், பிழை என்னோடது. ரெண்டு பக்கமும் அடிச்சது நான்தானே. ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டேன். அவரும் இத ஒரு பிசகா எடுக்க மாட்டேங்கிறாரு. நீங்களே வாசிங்க."

'சரி பிள்ள' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்த ஞாயிறும் அவருடையது, அதற்கடுத்ததும். ஒஸ்வல்ட் கண்ணாடியைக் கழற்றி சேர்ட் நுனியில் துடைத்தார்.

"தாள்ல பிழை இல்ல பிள்ள. எம் பேர நானே வாசிச்சேன். எனக்குக் கேக்கல்ல."

"அங்கிள்?"

"அடுத்தவன் பேரப்போல வாசிச்சிட்டுப் போயிட்டேன். கொறற்றி கத்தியிருக்காட்டி எறங்கி வந்து உக்காந்திருப்பேன். ரொமேஷ்கிட்ட குடு."

தாளை நாலாக மடித்து அவளிடம் கொடுத்தார். அவள் ஏதோ சொல்லப் போனாள். அவர் அதற்குள் வெளியே இறங்கிவிட்டார்.

கடைசி ஞாயிறு எழுபது கடந்தோருக்கு முன்வரிசை வாங்கு. ரொமேஷ் வாசித்தான். வரிகளின் கடைசிச் சொற்களை விழுங்கினான். "கண்டி பஸ் போயிரும்னு வாசிக்கிறான் பாரு" என்று கொறற்றி ஒஸ்வல்டின் காதைக் கடித்தாள்.

"பேசாம கேளு. நல்லாத்தான் வாசிக்கிறான்."

பெயர் கூப்பிட்டபோது மற்ற எட்டுப் பேரையும் மகளோ பேத்தியோ கைபிடித்துக் கூட்டிப்போனார்கள். ஒஸ்வல்ட் தானாக எழுந்து போனார். செவ்வந்தி மாலை, நல்ல பாரம். சாப்பாடு முடிந்து சனம் வேனிலும் த்ரீவீலிலும் கலைந்தது. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது, பையில் திணித்தால் நசுங்கும். கையில் தூக்கிப் பிடித்தபடி நடந்தே வீட்டுக்குப் போனார்.