நீலம் பூசிய கழிமுகம்

மும்பை தாராவியில் கோலி மீனவர்கள் வாழும் கோலிவாடாச் சுவரில் மீனவர் பெருமையை வரைந்திருக்கிறார்கள். படகு, வலை, கூடை நிறைய மீனோடு ஒரு கோலிப் பெண். அவளுக்குப் பின்னால் கழிமுகம் நீலமாக ஓடுகிறது. நீலமாம்!

எண்பதுகளில் அந்தத் தண்ணீர் கறுப்பு. அப்பா வேலை பார்த்த தோல் பட்டறையின் சுண்ணாம்பும் சாயமும் சாக்கடை வழியே அதில்தான் கலக்கும். அங்கே பிடித்த மீனை எங்கள் சந்தில் விற்றுவந்தவள் சாந்தாபாய். ஒருநாள் யாரும் வாங்கவில்லை என்று கூடையை எங்கள் வாசலில் இறக்கினாள். எங்களோடு பழகிக் கற்ற தமிழில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, மோந்து பாரு. இது மீன் வாசமா, உன் சட்டை வாசமா?”

அப்பா அவ்வளவு மீனையும் வாங்கிக்கொண்டார். அம்மா எவ்வளவு புளி கரைத்தும் குழம்பில் தோல் நாற்றம் போகவில்லை.

“கொட்டிருதேன், நீங்க எந்திரிங்க” என்றாள்.

அப்பா எழவில்லை. குனிந்த தலை நிமிராமல் தட்டைக் காலி செய்தார்.

அந்தப் பட்டறைச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். இன்று அந்த மீன்காரி ஓவியத்தின் முன்னால் என்னை நிறுத்தி மகள் படம் எடுத்தாள்.

“அப்பா, இங்க பாருங்க. ஏன் தரையவே பாக்கீங்க?”