என் பேரில் இருந்த மூன்றாவது எண்

ஆகஸ்ட் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். அடுப்பு மூட்டி, சாயத் தேத்தண்ணி ஊற்றி, ரொட்டி சுட்டு முடிக்கும்போது ஐந்தே முக்கால். தூறல். ஏழரைக்குப் பள்ளிக்கூடம். விடுமுறைக் காலம் என்பதால் பிள்ளைகள் இல்லை. ஐந்தாம் வகுப்பு அறையில் மேடம் எனக்கு முன்பே வந்து, ஈரக்குடையை மேசைக்காலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். மீதியை எழுத அன்று துணிவில்லை.

மேடம் கொழும்பிலிருந்து வந்த பல்கலைக்கழக ஆய்வாளர். எங்கள் மலையகப் பகுதியில் கைப்பேசி வழியாகப் பரவும் வெறுப்புப் பேச்சுதான் அவருடைய ஆய்வு. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்திகளை நான் ஒவ்வொன்றாகப் படித்து 'சாதாரணம்', 'வெறுப்பு', 'மிரட்டல்' என்ற மூன்றில் ஒன்றை எதிரே எழுத வேண்டும். ஹட்டனில் இன்னொரு ஆசிரியை அதே செய்திகளைத் தனியாகப் படித்து எழுதுவார். இருவரும் மாறுபடும் இடத்தை மேடம் விசாரிப்பார். அனுப்பியவர்களின் பேரும் எண்ணும் தாளில் இருக்காது, குறியீடு மட்டுமே. "நாங்க யாருடைய நம்பரையும் வச்சிருக்கிறதில்லை டீச்சர்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன், நம்பவில்லை. நான் பேசும்போதெல்லாம் அவர் ஒரு சின்னக் குறிப்பேட்டில் எதையோ எழுதுவார். தாளில் இல்லாத எதை எழுதுகிறார் என்ற கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எழுதுகிறவளுக்கு எழுதுகிறவர்கள் மேல் சந்தேகம் அதிகம்.

அன்று ஒரு குரல்பதிவில் நாங்கள் இருவரும் மாறுபட்டிருந்தோம். ஹட்டன் ஆசிரியை 'மிரட்டல்' என்று போட்டிருந்தார். நான் 'சாதாரணம்' என்று போட்டிருந்தேன். மேடம் தன் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தி மறுபடி ஓடவிட்டார். "ஞாயித்துக்கெழம தேர் பஜாருக்கு எறங்கும்ல, அந்தத் துணிக்கடை முன்னால கொஞ்ச நேரம் நிப்போம்பா. அவன் கதவ மூடட்டும். பொறகு எப்பிடித் தொறக்குறான்னு பாப்போம்." பஜாரில் துணிக்கடை என்றால் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் கடை மட்டும்தான். ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள்.

"இருநூறு மெசேஜ்ல உங்க ரெண்டு பேருக்கும் இவ்வளவு தூரம் வந்ததே இல்ல. இது மட்டும் ஏன் டீச்சர்?"

"தோட்டத்து ஆளுங்க பேச்சே இப்பிடித்தாங்க மேடம். சத்தந்தான் பெருசு."

"குரல் தெரிஞ்ச மாதிரி இருக்கா?"

"இந்தக் குளிருல எல்லாருக்கும் சளி புடிச்ச தொண்டதான். யாருன்னு சொல்றதுங்க?"

மேடம் சிரித்தார். சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினார். தாளில் எழுதியபோதே குரலை எனக்குத் தெரியும். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் என் அண்ணன். அதைவிட மோசமான ஒன்றையும் அப்போதுதான் பார்த்தேன். அந்த வாட்ஸ்அப் குழு திறந்திருந்த மேடத்தின் கைப்பேசித் திரையில் அனுப்பியவரின் எண் முழுதாகத் தெரிந்தது.

எங்கள் லயத்து வீடுகளில் பலருக்கு அடையாள அட்டை சிக்கல் உண்டு. பிறப்புப் பதிவில் ஒரு பேர், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் வேறு பேர், அட்டை வர வருடக்கணக்காகும். அதுவரை யார் சிம் வாங்கினாலும் டீச்சர் அட்டையில்தான் வாங்குவார்கள். ஒன்பது பேருக்கு அப்படி வாங்கிக் கொடுத்து, யாரிடம் எந்த எண் என்று நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். தெரிந்ததுதான்: மூன்றாவது எண், அண்ணனுக்கு அட்டை வருமுன் வாங்கியது. போலீஸ் அந்த எண்ணைத் தேடினால் வரும் பேர் என்னுடையது.

போன மாதம்தான் அண்ணன் தன் மகளின் சடங்குக்கு அதே கடையில் பட்டு எடுத்தார். கடைக்காரர் தன் கையாலேயே பிள்ளையின் தோளில் சேலையைப் போட்டு அழகு பார்த்தார். அந்த மனிதரின் கதவைப் பற்றிய பேச்சுக்கு நான் 'சாதாரணம்' என்று எழுதியிருந்தேன். அண்ணனைக் காப்பாற்ற எழுதினேனா, என் அடையாள அட்டையைக் காப்பாற்ற எழுதினேனா என்று எத்தனையோ முறை என்னைக் கேட்டுவிட்டேன். இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். மேடத்தைச் சந்தேகித்த அளவுக்கு என்னையும் அண்ணனையும் சந்தேகித்திருந்தால் இதற்கு முன்பே விழித்திருப்பேன்.

புதன்கிழமை தாளில் அந்தச் சொல்லை வெட்டி 'மிரட்டல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேடம் காரணம் கேட்கவில்லை. குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். ஞாயிற்றுக்கிழமை தேர் அந்தக் கடையைத் தாண்டி நிற்காமல் போனது. கடைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மேடத்தின் அறிக்கை புத்தகமாக வந்திருக்கிறது. மூன்று முறை வரிவரியாகப் படித்தேன். பேரில்லை, எண்ணில்லை. அந்தக் குறிப்பேடு எங்கே இருக்கிறதோ தெரியாது. புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்றைக்கும் நான் உடனே எடுப்பதில்லை.

அந்தப் புதன்கிழமை தாளைத் திருத்தியது இரண்டாவது வேலை. முதல் வேலை காலை ஐந்தரை மணிக்கு. தேத்தண்ணிகூட ஊற்றவில்லை. லொறியைக் கிளப்பிக்கொண்டிருந்த அண்ணனிடம் போய், "அண்ணே, போன எடுங்க" என்றேன்.

"என்னா தங்கச்சி, அந்தக் கொழும்பு அம்மாகிட்ட என்னப் போட்டுக் குடுத்துட்டியா?"

"போட்டுக் குடுத்தா மொதல்ல என்னையத்தான் கூப்புடுவாங்க. அந்த சிம் என் பேர்ல இருக்கு. ஒங்க மக தோள்ல சேல போட்ட மனுசன் கதவ என் பேர்லயா மூடச் சொல்றீங்க?"

அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். "எல்லாரும் பேசுனாங்க, நானும் பேசுனேன்" என்றார். பிறகு அதே குழுவைத் திறந்து, கைப்பேசியை வாயருகே வைத்து, "ஞாயித்துக்கெழம யாரும் எங்கயும் நிக்க வேணாம்பா. தேரு பாட்டுக்குப் போகட்டும். நான் பேசுனது தப்பு" என்றார். அனுப்பியதை நான் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டேன். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினேன். அண்ணன் அதால் சிம்மை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.