என்ன வேணும் என்று கேட்கும் இடம்

கறை மாஸ்டர் பெரிய ஓட்டல் எதிலும் காலடி வைத்தவர் இல்லை. ஆனாலும் எந்தப் பெரிய ஓட்டலில் நேற்று என்ன சமைத்தார்கள், வந்தவர்கள் அதை வழித்துச் சாப்பிட்டார்களா, கொறித்துவிட்டு எழுந்து போனார்களா என்பதெல்லாம் காலை பத்து மணிக்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

பதினோரு ஓட்டல்களின் துணி துவைக்கும் லாண்டரியில் அவருக்கு வேலை. மேசை விரிப்புக்கு அங்கே 'பெரிசு' என்று பேர். வாய் துடைக்கும் துணிக்கு 'சதுரம்'. இயந்திரத்துக்குள் போகும் முன் ஒவ்வொன்றும் டியூப் லைட்டுக்குக் கீழே அவருடைய மேசையில் விரிக்கப்படும். குனிந்து பார்ப்பார், சில சமயம் முகர்ந்தும் பார்ப்பார். எண்ணெய்க்கு ஒரு புட்டி, பழச்சாற்றுக்கு ஒரு புட்டி, உதட்டுச் சாயத்துக்கு ஒரு புட்டி. இருபத்து நாலு வருஷமாக இதே குனிவு. அதில் முதுகு கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டது. கூடவே ஒரு சித்தாந்தமும் உருவாகியிருந்தது.

"சாப்பாடு ருசியா இருந்தா மனுஷன் வாயை மறந்துடுவான். அப்புறம் ஞாபகம் வந்து அழுத்தித் துடைப்பான். ருசி இல்லேன்னா சதுரம் மடிச்சது மடிச்சபடியே திரும்பி வரும். பேப்பர்ல எத்தனை நட்சத்திரம் போட்டாலும் நம்பாதே, கறையை நம்பு" என்பார்.

லாண்டரியில் இதற்குத் தலையாட்ட ஆள் இருந்தது. வீட்டில் மட்டும் அவருடைய ஓட்டல் ஞானத்துக்குப் பேர் கெட்டுக் கிடந்தது.

அவர் மனைவிக்குப் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. முன்னூறு பேருக்கு மூன்று வேளை. நின்றபடி சமைத்து, நின்றபடி பரிமாறி, கடைசியில் அடுப்பு ஓரமாக நின்றபடியே தானும் சாப்பிட்டு முடிப்பவள். போன மாசம் ஒரு நாள் கால்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்பது வயசு ஆகப் போகுது. ஒரு நாளாவது நான் உட்காரணும். ஒருத்தர் பக்கத்துல வந்து நின்னு, உங்களுக்கு என்ன வேணும்னு என்னைக் கேக்கணும். புடவை, நகை ஒண்ணும் வேண்டாம்."

இதென்ன பிரமாதம் என்றுதான் மாஸ்டரும் நினைத்தார். முதல் தடவை, கையில் இருந்த காசுக்குத் தோதாக, கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் நாலாவது மாடிக்குக் கூட்டிப் போனார். அங்கே கூப்பன் வாங்கி, நம்பர் வரும்வரை காத்திருந்து, தட்டைத் தானே தூக்கி வர வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று போர்டு வைத்த இடம். வரிசையில் நின்றவள் கை சும்மா இருக்காமல் பாத்திரத்துக் கரண்டியை எடுத்து ஒரு கிளறு கிளறினாள். பின்னால் நின்றவர் தட்டை நீட்டினார். மாஸ்டர் தண்ணீர் பிடித்துத் திரும்புவதற்குள் ஒன்பது பேருக்குப் பரிமாறி முடித்திருந்தாள். அதில் ஒருவர் "கொஞ்சம் குழம்பா ஊத்துங்க" என்று வேறு கேட்டிருக்கிறார்.

வீடு திரும்பும்போது அவள் சத்தம் போடவில்லை. 

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அதுக்கப்புறம் உங்ககூட சாப்பிடறதுக்குன்னு வாசப்படி தாண்ட மாட்டேன்" என்றாள்.

எந்த ஓட்டல் என்பதில் மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. பழைய வங்கிக் கட்டடத்தில் இருந்த ஒன்றிலிருந்து வரும் சதுரங்கள் அப்படி அலங்கோலமாக இருக்கும். ஆனால் அங்கே இருவர் இரவுச் சாப்பாடு சாப்பிட்டால் மாதத்தின் மீதி நாட்களுக்கு மனைவி வேலை செய்யும் விடுதியில்தான் அவரும் கையேந்த வேண்டும். ஒரு காலையில் அந்த ஓட்டலின் மதிய மூட்டையையும் இரவு மூட்டையையும் தற்செயலாக அடுத்தடுத்துப் பிரித்தார். இரண்டிலும் அதே பீட்ரூட். அதே ஆரஞ்சுச் சாறு. அதே வெண்ணெய். வேன் டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, அங்க மதியமும் ராத்திரியும் சமைக்கறது ஒரே ஆளா?"

"ஒரே ஆளு, ஒரே அடுப்பு, மாஸ்டர்."

"விலை?"

"மதியம்னா மூணுல ஒரு பங்கு. ஆபீஸ்காரங்க வருவாங்க. எதுக்குக் கேக்கறீங்க, ஓட்டலை வாங்கப் போறீங்களா?"

"ஆமா, நீதான் மேனேஜர். போய் மூட்டையை இறக்கு."

அடுத்த புதன்கிழமை மதியம் இருவரும் உள்ளே போனார்கள். பணியாளர் நாற்காலியைப் பின்னால் இழுத்தபோது அவள் பதறிப்போய், "அதுல உட்கார வேற யாராவது வராங்களா?" என்றாள்.

"உங்களுக்குத்தான் மேடம்."

உட்கார்ந்தாள். மாஸ்டருக்குப் பாதி மூச்சு வந்தது.

பணியாளர் தண்ணீர் ஊற்றினார், புன்னகைத்தார், போனார். வரும்போது இரண்டு கிண்ணம் சூப்போடு வந்தார். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், திரும்பிப் போகிறவர் முதுகைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

"இவரு கேக்கவே இல்லையே."

"கேப்பார். இது சும்மா தொண்டையை நனைக்க."

அடுத்து பீட்ரூட் வந்தது. அதுவும் கேட்காமலேதான் வந்தது. மாஸ்டர் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய் அந்தப் பணியாளரைத் தூணுக்குப் பின்னால் மடக்கினார்.

"சார், எங்க வீட்டம்மாகிட்ட என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"இது செட் லஞ்ச் சார். நாலு அயிட்டம், எல்லா மேசைக்கும் ஒண்ணுதான். ராத்திரின்னா மெனு கார்டு குடுத்துக் கேப்போம்."

மூன்றில் ஒரு பங்கு விலை ஏன் என்று மாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. மிச்ச இரண்டு பங்கும் அந்தக் கேள்விக்கான விலை. சாப்பிட்டது எல்லாம் துணியில் தெரியும். கேட்டார்களா இல்லையா என்பது எந்தச் சதுரத்திலும் ஒட்டாது.

அவர் திரும்பி வரும்போது அவள் வாய் துடைக்கச் சதுரத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். பாய்ந்து கையைப் பிடித்தார்.

"வேண்டாம்மா. பீட்ரூட். ஒரு தடவை வெந்நீர் பட்டா அப்படியே உட்கார்ந்துக்கும்."

"நான் சாப்பிட வந்தேனா, ஊறப்போட வந்தேனா?"

ஆனாலும் அவர் நீட்டிய கைக்குட்டையை வாங்கிக்கொண்டாள். மீன் வந்தது, சாக்லேட் கேக் வந்தது. எல்லாமே நன்றாகத்தான் இருந்தன, எதையும் யாரும் கேட்கவில்லை. அவள் காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். அடுத்து மேசையைத் துடைத்துவிடுவாள் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

தட்டெடுக்க வந்த பணியாளர் மடிப்புக் கலையாத இரண்டு சதுரங்களையும் பார்த்து முகம் மாறி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஏப்ரன் கட்டிய பெரிய உருவம் ஒன்று மேசைக்கு வந்தது. அவர்தான் தலைமைச் சமையல்காரர்.

"சாப்பாடு பிடிக்கலையா மேடம்? துணியை ரெண்டு பேருமே தொடலைன்னு சொன்னாங்க."

ஊரிலேயே அந்தச் சித்தாந்தம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று மாஸ்டர் அதுவரை நினைத்திருந்தார்.

"அய்யோ, நல்லா இருந்துச்சுங்க" என்றாள் அவள். "இந்தத் துணியில கறை எடுக்கறதே இவருதான். துடைக்க விடமாட்டேங்கறாரு. மீன்ல மட்டும் உப்பு ஒரு சிட்டிகை கம்மி."

பணியாளர் கூரையைப் பார்த்தார். சமையல்காரர் அவளைப் பார்த்தார்.

"நீங்களும் சமையலா?"

"முன்னூறு பேருக்கு."

"எனக்கு நாப்பதுக்கே நாக்கு தள்ளுது" என்றார் அவர்.

ஒருவர் நிற்கும்போது உட்கார்ந்திருக்கத் தெரியாத அவள், பழக்க தோஷத்தில் எழப் பார்த்தாள். மேசைக்கு அடியில் மாஸ்டர் அவள் காலை மெல்ல மிதித்தார்.

"உட்காருங்கம்மா" என்றார் சமையல்காரரும். "இன்னும் உங்களுக்கு என்ன வேணும்?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டீ" என்றாள்.

"டீ செட்ல வராது சார்" என்று பணியாளர் மாஸ்டர் காதில் கிசுகிசுத்தார். "தனி விலை."

"கொண்டு வாங்க."

"பால் கலந்தா, தனியாவா?" என்று கேட்டார் சமையல்காரர்.

"கலந்து."

"சர்க்கரை?"

"ஒண்ணரை."

"லைட்டா, ஸ்ட்ராங்கா?"

பக்கத்து மேசையில் ஆபீஸ்காரர் ஒருவர் பணியாளரைக் கூப்பிட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்ததிலிருந்து முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இருங்க" என்றாள், "யோசிச்சுச் சொல்றேன்."