பூமியைத் துடைத்தவள்

அச்சகத்தில் அவளை எல்லோரும் கழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் மெஷின்காரர். ஒருநாள் அச்சாகி வந்த தாளைப் படிக்கட்டில் நின்றபடியே பார்த்துவிட்டு, படத்தில் இருக்கிற அந்த அம்மா மூக்கில் ஒரு புள்ளி விழுந்திருக்கிறதே என்றாள். அவர் நம்பவில்லை. லென்ஸை வைத்துத் தடவித் தடவித் தேடியபோது கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு கறுப்பு அகப்பட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு போகவே இல்லை.

படங்களைச் சுத்தம் செய்வதுதான் அவளுடைய வேலை. புத்தகத்துக்கு வரும் புகைப்படங்களில் தூசி, கீறல், முடி, விரல்ரேகை என்று எது இருந்தாலும் அவள் கணினியில் உட்கார்ந்து எடுத்துவிடுவாள். பக்கத்து நிறத்தைக் கொஞ்சம் எடுத்துப் புள்ளியின் மேல் பூசினால் புள்ளி இருந்த சுவடே தெரியாது. இருபது வயதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பழகிய தொழில் அது. மணப்பெண்களின் பருக்களைத் தூரிகையால் மறைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை பருவென்று நினைத்து ஒரு பெண்ணின் கன்னத்து மச்சத்தையும் சேர்த்து மறைத்துவிட்டாள். இது எங்கள் வீட்டுப் பெண்ணே இல்லை என்று அவர்கள் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய அறை அச்சகத்தின் மாடியில் இருந்தது. திரையில் வெளிச்சம் விழக்கூடாதென்று ஜன்னல்களைக் கறுப்புத் தாளால் ஒட்டி அடைத்திருந்தார்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. கீழே மெஷின் ஓடும்போது மேஜையில் வைத்த டீ நடுங்கும். நடுக்கம் நின்றால் கீழே வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அந்த வருஷம் ஒரு பெரிய வேலை வந்தது. வானத்தையும் மனிதர்கள் வானத்துக்குப் போனதையும் படங்களாகவே சொல்லும் தடிமனான புத்தகம். எழுத்துப் பகுதி வேறு இடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அவளிடம் வந்தவை வெறும் படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அவ்வளவுதான். இது என்ன, எங்கே எடுத்தது என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் வந்தவையெல்லாம் பழைய கண்ணாடித் தகடுகளிலிருந்து பிரதி எடுத்தவை. அழுக்கு என்றால் அப்படி ஓர் அழுக்கு. நிலாவின் குறுக்கே யாருடைய தலைமுடியோ கிடந்தது. சூரியனின் விளிம்பில் கட்டைவிரல் ரேகை. அவள் மூச்சுவிடாமல் துடைத்துத் தள்ளினாள். கை சூடுபிடித்துவிட்டது.

அந்தச் சூட்டில்தான் அந்தக் கறுப்புப் படம் வந்தது. முழுக்க இருட்டு. அதில் பளிச்சென்று சில வெளிச்சங்கள். அவற்றுக்கிடையே, ரவையைக் கைதவறிக் கொட்டியதுபோல, ஆயிரக்கணக்கில் மங்கலான பொடிகள். அவளுக்கே கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. கீழே இறங்கி முதலாளியைக் கேட்டாள். அவர் போனில் காகிதக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "சந்தேகம்னா எடுத்துரும்மா. சுத்தமா இருந்தா யார் குறை சொல்லப் போறா?"

எடுத்துவிட்டாள். ஒரு நாள் முழுக்க. பெரிய வெளிச்சங்களை மட்டும் விட்டுவைத்தாள். மாலையில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தபோது, இஸ்திரி போட்ட வெல்வெட் மாதிரி கறுப்பு அப்படியே நின்றது. அவளுக்கே பெருமை தாங்கவில்லை. அவசர வேலை என்பதால், முன்கூட்டிச் சரிபார்க்க எடுக்கும் மாதிரித் தாளான கலர் புரூஃப் எடுக்கவில்லை. நேராக அச்சுக்குப் போய்விட்டது. மெஷின்காரர்கூட, இந்த மாதிரி கறுப்பு ஓட்டி எத்தனை நாளாச்சு என்று புகழ்ந்தார்.

மறுநாள் காலை புத்தகத்தின் பதிப்பாசிரியர் அச்சைப் பார்க்க வந்தார். ஒல்லியான பெண்மணி, கையில் எப்போதும் ஒரு குடை. சூடாக இறங்கிய தாள் ஒன்றை விளக்கு மேஜையில் விரித்துப் பார்த்தார். புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம். பிறகு கழுகக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தாள்.

"இந்தப் படத்துல இருந்ததெல்லாம் எங்க?" என்று கேட்டார் அவர்.

"எது மேடம்?"

"சின்னச் சின்னதா நிறைய இருந்துதே."

"தூசியா? ஒண்ணு விடாம எடுத்துட்டேன் மேடம்."

பதிப்பாசிரியர் பக்கத்திலிருந்த காகிதக் கட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவர் குரல் தணிந்துதான் வந்தது.

"அது தூசி இல்லம்மா. ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸி. நம்ம சூரியன் மாதிரி கோடி கோடியா நட்சத்திரங்க சேர்ந்தாத்தான் ஒரு கேலக்ஸி."

"ஒவ்வொண்ணுமா?"

"ஒவ்வொண்ணும்."

அவள் தாளைப் பார்த்தாள். காது அடைத்துப்போனதுபோல் இருந்தது. கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கேலி இல்லை. யாரோ மெஷினை அணைத்தார்கள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடிப்பது உள்ளே வரை கேட்டது. முதலாளி வந்து தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் மாடிக்கு ஓடி மூலப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். நேற்றும் பெரிதாக்கித்தான் பார்த்தாள். ஆனால் அழித்துவிட வேண்டும் என்று பார்க்கும் கண்ணுக்கு அழுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது பார்த்தால் ஒவ்வொரு பொடிக்கும் ஓர் உருவம் இருந்தது. ஒன்று, வாளித் தண்ணீரைக் கையால் சுழற்றிவிட்டதுபோல் சுழித்திருந்தது. ஒன்று, பக்கவாட்டில் திரும்பி ஊசிபோல நின்றது. இரண்டு, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பின்னிக் கிடந்தன. ஆரஞ்சில் சில, நீலத்தில் சில. நேற்று இவை ஒவ்வொன்றின் மேலும் அவள் கை வைத்து இருட்டைப் பூசியிருக்கிறாள்.

உடனே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மற்ற படங்களில் என்னென்ன செய்து வைத்தாளோ? பதிப்பாசிரியரைக் கையோடு அழைத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்தாள். ஒவ்வொன்றாக, துடைப்பதற்கு முன்பும் பின்பும் காட்டினாள். நிலாவின் மேலிருந்த முடி முடிதான் என்று அவர் சொன்னபோது அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது. விரல்ரேகையும் விரல்ரேகையேதான்.

அடுத்து, நீல வளைவுக்கு மேலே கறுப்பில் மிதந்துகொண்டிருந்த ஒரு சின்ன வெள்ளை உருவம். கைகால் இருந்ததால் அதை அவள் தொடவில்லை. ஆனால் அது என்னவென்று யோசித்ததும் இல்லை. ஒரு விண்வெளி வீரர், முதுகில் மாட்டிய ஒரு கருவியை மட்டும் நம்பித் தன் விண்கலத்தை விட்டுத் தனியே மிதந்து போனபோது எடுத்த படம் என்றார் பதிப்பாசிரியர்.

"கயிறு?" என்றாள் இவள்.

"கிடையாது."

"திரும்பி வந்துட்டாரா?"

"வந்துட்டார்."

அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை அவள் அப்போதுதான் விட்டாள்.

அதற்கடுத்த படம் பார்க்க லட்சணமாகவே இல்லை. சொரசொரப்பாக ஒரு சாம்பல் இருட்டு. குறுக்கே கலங்கலாகச் சில ஒளிப்பட்டைகள். கெட்டுப்போன படம் என்றே அவள் நினைத்திருந்தாள். ஒரு பட்டையின் நடுவே வெளிர்நீலமாய் ஒற்றைப் புள்ளி. அதை எடுக்க ஒரு கிளிக்தான் பிடித்தது. இடது கையில் இருந்த டீயைக் கீழே வைக்கக்கூட இல்லை.

பதிப்பாசிரியர், அவள் துடைத்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது சிரிப்பில் சேர்த்தியா என்று சொல்ல முடியாது.

"இதையுமா எடுத்தீங்க?"

"ஒத்தப் புள்ளிதானே மேடம்..."

"அது நாமதான்."

அவளுக்குப் புரியவில்லை. "நாமன்னா?"

"பூமி. ஒரு விண்கலம் அறுநூறு கோடி கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டு, அங்கிருந்து திரும்பிப் பார்த்து எடுத்த படம். அந்தப் பட்டையெல்லாம் சூரிய வெளிச்சம் கேமராவுக்குள்ள சிதறினது. அந்தப் புள்ளிதான் பூமி."

அவள் மவுஸின் மேலிருந்த தன் கையைப் பார்த்தாள். யாருடைய கையோ போல இருந்தது. காலையில் உலர்த்திவிட்டு வந்த துணிகள், பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும் கணவன், வெளியூரில் படிக்கும் மகள், இந்தச் சொட்டும் ஏசி, இந்த நாற்காலி, இதில் உட்கார்ந்திருக்கும் அவள். எதையும் விடவில்லை. உள்ளே இருந்துகொண்டே துடைத்திருக்கிறாள்.

அப்போதுதான் மேஜை மேலிருந்த டீ நடுங்கத் தொடங்கியது.

கீழே மெஷின் ஓடுகிறது. முதல் பாரத்தின் பக்கங்கள் கெட்டுப்போயினவே, சும்மா நிற்க வேண்டாமென்று மெஷின்காரர் அடுத்த பாரத்தை ஏற்றியிருக்கிறார். இந்த ஒற்றைப் புள்ளிப் படம் அதில்தான் வருகிறது. அவள் செருப்பைக்கூட மாட்டவில்லை. இரண்டிரண்டு படியாக இறங்கி, நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்திக்கொண்டே ஓடினாள். அவர் பதறிப்போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

"என்னக்கா, என்ன விட்டுப்போச்சு?"

"பூமி விட்டுப்போச்சு," என்றாள் அவள், மூச்சிரைக்க.

இதைச் சொல்லிச் சிரிக்க அந்த அச்சகத்துக்குப் பல மாதங்கள் ஆயின. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. வீணான தாள்கள் கட்டுக்கட்டாகப் பின்பக்கத்துக்குப் போயின. முதலாளி அந்த வாரம் முழுக்க எல்லோரையும் திட்டினார். அவளை மட்டும் திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவரே மாடியேறி வந்து, இனிமேல் விளக்கம் எழுதாத படம் எதையும் கையால் தொடாதே, கொண்டுவருபவன் யாராயிருந்தாலும் திருப்பி அனுப்பு என்றார். அன்றைக்குப் போனுக்கு நடுவே தான் சொன்ன வார்த்தையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

மறு அச்சுக்கு எல்லாப் படங்களையும் மூலத்திலிருந்து புதிதாக எடுத்துச் சரிபார்த்தாள். அந்த ஒற்றைப் புள்ளிப் படத்தின் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். கணவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தான். நடந்ததைச் சொன்னதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். உலகத்தையே துடைத்துவிட்டாள் என் பெண்டாட்டி என்று டிப்போவில் போய்ச் சொல்லப் போவதாக மிரட்டினான். பிறகு தாளை விளக்கடியில் கொண்டுபோய்க் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"எங்க இருக்கு? தெரியலையே."

அவள் விரலைப் படாமல் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். தினமும் ஒரே தடத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்வருகிற மனிதன். கடைசியில் தாளைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான். கிரிக்கெட் பார்ப்பதாகச் சொன்னவன் டிவியைப் போடவே இல்லை.

புத்தகம் வெளியான பிறகு பதிப்பாசிரியர் அவளை ஒரு மாலை நகரத்துப் பொது வானாய்வகத்துக்கு அழைத்துப்போனார். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி, அதன் முன்னால் கொஞ்சம் பேர் வரிசையாக நின்றார்கள். அவள் முறை வந்ததும் குனிந்து கண்ணை வைத்தாள்.

சின்னதாய், மஞ்சளாய், வளையம் போட்டுக்கொண்டு சனிக்கிரகம் நின்றது. கத்தரித்து வைத்ததுபோல் அவ்வளவு துல்லியம். இதைத் திரையில் எத்தனையோ தடவை பெரிதாக்கி ஓரம் ஓரமாய்ச் சரிபார்த்திருக்கிறாள். அவள் சட்டென்று நிமிர்ந்து தொலைநோக்கியின் முன்புறத்துக்குப் போய், கண்ணாடியில் ஏதாவது படம் ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அங்கே நின்ற ஊழியர் சிரித்தார். முதல் தடவை வருபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் பார்ப்பார்கள் என்றார்.

"நிஜமாவே அங்க இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கும்மா. இப்போ, இந்த நிமிஷம்."

அவள் மறுபடி குனிந்தாள். வளையம் பார்வையின் ஓரத்துக்கு மெல்ல நகர்ந்தது. பூமி சுற்றுவதால் அப்படி நகர்கிறது என்றார் ஊழியர். அதைக் கேட்டதும் அவள் தொலைநோக்கியின் தாங்கியை ஒரு கையால் பற்றிக்கொண்டாள், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பதிப்பாசிரியர் அவள் தோளைத் தொட்டார். இன்னும் கொஞ்சம் மேடம் என்றாள் அவள். கண்ணை எடுக்கவில்லை.